தேயிலைச் சுவைப்புக்கு 'எசோடெரிக்' பொருந்துமா? உதவுங்கள்

வணக்கம். குன்னூர்ப் பக்கம் தேயிலை ஆலை பார்க்க வருகிறவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கையேடு எழுதுகிறோம். ஒரு பெயரடையில் வேலை நிற்கிறது.

சுவைப்பவர்கள் 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள் என்று போட்டு, 6 நிமிடம் மூடிவைத்து, வடித்து, உறிஞ்சிப் பார்த்து 'பிரிஸ்க்' (நாக்கில் சுறுசுறுப்பான துவர்ப்பு), 'பாடி' (வாயில் உணரும் கனம்) என்பார்கள். தொழிலுக்குள் இருப்பவருக்கே விளங்கும் பேச்சு அது. அதை 'எசோடெரிக் வொக்காபுலரி' என்று எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லின் கிரேக்க வேருக்கு 'உள்ளே' என்று பொருள், அதனால் உள்வட்டத்து அறிவுக்குப் பொருந்துகிறது. இதற்கு நெருங்கிய பொருளுள்ள 'ஆர்கேன்' பழைய விதிகளுக்கும் சடங்குகளுக்கும்தான் எடுப்பாக இருக்கும். 'அப்ஸ்ட்ரூஸ்' என்றால் மூளைக்குப் பிடிபடாத கடினம். சுவைப்பு அப்படியல்ல, நாக்கு பழகினால் வந்துவிடும்.

முதல் வரைவில் குறிஞ்சிப் பூவுக்கும் 'எசோடெரிக்' போட்டிருந்தது. அது தவறு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது அரிது, அவ்வளவே, 'ரேர்' போதும். ஒலியில் நெருங்கிய 'எக்ஸோடிக்' (அயல்நாட்டுத் தன்மையுள்ள) வேறு சொல். 'எக்ஸோடெரிக்' என்பது 'எசோடெரிக்'குக்கு நேர் எதிர்ப்பொருள், தட்டச்சில் கவனம் தேவை.

இப்போது கேள்வி: 'எசோடெரிக்' என்றதும் மந்திரம், மறைஞானம் நினைவுக்கு வருமா? வருமென்றால் 'ஸ்பெஷலைஸ்டு' என்று மாற்றலாமா? ஆங்கிலம் கற்பிப்பவர்களும் ஆலையில் சுவைப்பு வேலை செய்பவர்களும் ஆளுக்கொரு முழு வாக்கியமாக எழுதிக் காட்டினால் பெரிய உதவி.