உணர்ச்சியை வரையக் கற்பவர் முகத்தசையிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

கரிக்கோல்:

ஓவியமும் அனிமேஷனும் கற்க வருபவர்களுக்கு முதல் 3 மாதம் முகத்தசைகளை மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வாரம் என் வகுப்பிலுள்ள 11 பேரிடம், நெடுநாள் கழித்துத் தோழியைக் காணும் ஒரு பெண்ணின் முகத்தை வரையச் சொன்னேன். 9 பேர் வாயை மட்டும் வளைத்துவிட்டுக் கண்களைப் பாஸ்போர்ட் படத்தில் இருப்பதுபோல் விட்டிருந்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படம்பிடித்து 1862-இல் வெளியிட்ட நூலிலேயே இந்தக் குறைக்கு விளக்கம் இருக்கிறது. உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் ஏவினால் இயங்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளம் மகிழ்ந்தால்தான் இயங்கும் என்றார் அவர். அத்தசை சுருங்கும்போது கன்னம் ஏறி, கீழிமை தடித்து, கடைக்கண்ணில் சுருக்கம் விழுகிறது. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் வெளியிட்ட முகச்சலனக் குறியீட்டு முறையில் உதட்டோரம் இழுபடுவதற்கு 12, கன்னம் உயர்வதற்கு 6 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். என் மாணவர்கள் 12-ஐ வரைந்து 6-ஐ மறந்துவிட்டார்கள். துயரமும் அப்படித்தான்: புருவத்தின் உள்முனை மட்டும் உயர வேண்டும், முழுப் புருவத்தையும் உயர்த்திவிட்டால் அது வியப்பாகிவிடும். இதைத் தெரியாமல் கையில் பென்சிலை எடுப்பவர் தற்செயலை நம்பி வரைகிறார்.

களிமண்:

நண்பர் கரிக்கோல் அவர்களுக்கு வணக்கம். துஷேன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை; அதைத் தொடக்கப் பாடமாக வைப்பதில்தான் மறுப்பு. பொம்மையை ஃப்ரேம் ஃப்ரேமாக அசைத்துப் படம்பிடிக்கும் ஸ்டாப் மோஷன் வேலையில் இருப்பவள் நான். எங்கள் துறையில் உலகமே அறிந்த நடிகனுக்கு வாயே கிடையாது. 1989-இல் வெளிவந்த முதல் படத்திலிருந்து குரோமிட் என்னும் அந்தக் களிமண் நாய் ஒரு சொல்லும் பேசாமலே சலிப்பு, ஐயம், அன்பு அனைத்தையும் காட்டிவருகிறது. அதை உருவாக்கிய நிக் பார்க் அதைப் பேசும் நாயாகத்தான் முதலில் எண்ணியிருந்தார். புருவ மேட்டைச் சற்றே அசைத்தால் போதும் என்று வேலையின்போது கண்ட பிறகு பேச்சைக் கைவிட்டார்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். 1986-இல் பிக்ஸார் எடுத்த குறும்படத்தில் வரும் சின்ன மேசைவிளக்குக்கு முகமே இல்லை. தான் குதித்து விளையாடிய பந்து காற்றிறங்கிப் போனதும் அது தலையைத் தொங்கப்போடுகிறது, பார்ப்பவர் மனம் கரைகிறது. டிஸ்னி நிறுவனத்தின் பழைய பயிற்சி ஒன்று, பாதி நிரம்பிய மாவு மூட்டையை வரைந்து அதற்கு மகிழ்ச்சியும் சோர்வும் கொடு என்பது. அந்நிறுவனத்தின் அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதிய நூலில் அதைக் காணலாம். நம் மொழியில் இதற்குரிய பழஞ்சொல் ‘மெய்ப்பாடு’ என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். உணர்ச்சி தோன்றும் இடமாக அச்சொல் முகத்தைச் சொல்லவில்லை, மெய்யைச் சொல்கிறது. முதல் 3 மாதம் மாவு மூட்டைக்கே உரியது.

கரிக்கோல்:

குரோமிட் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. வாயை நீக்கியபின் எஞ்சியது எது? புருவம். அந்தக் களிமண் மேட்டைக் கட்டைவிரலால் எந்தப் பக்கம் அழுத்தினால் கவலை, எந்தப் பக்கம் அழுத்தினால் எரிச்சல் என்பது, மனிதப் புருவத்தைக் கூர்ந்து பார்த்த ஒருவருக்கே தெரியும்.

மேசைவிளக்கைப் பற்றி ஒரு கேள்வி. அது வருத்தத்தில் தலைகுனிந்ததா, வெட்கத்திலா, குற்றவுணர்விலா? முடங்கிய உடல் மூன்றுக்கும் பொது. இவற்றைப் பிரித்துக்காட்ட இமையும் உதடும் வேண்டும். ஒரு குறும்படத்திற்குப் பொதுவான சோகம் போதும். ஒன்றரை மணிநேரக் கதையின் நாயகிக்குப் போதாது.

திரைக்குப்பின்:

படத்தொகுப்பு செய்பவன் என்ற முறையில் இருவரையும் மறுக்க வேண்டியிருக்கிறது. முகம் தனியாக நின்று பேசுகிறது என்ற எண்ணமே ஐயத்திற்குரியது. ரஷ்யாவில் இயக்குநர் லெவ் குலெஷோவ், மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் ஒருமுறை ஆழ்ந்த யோசனையையும் ஒருமுறை துயரத்தையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்று அவருடைய மாணவரான இயக்குநர் புதோவ்கின் எழுதியிருக்கிறார். அந்தத் துண்டுப்படம் இன்று இல்லை என்றாலும், தொகுப்பு மேசையில் அமர்ந்த எவரும் அதை ஒவ்வொரு வாரமும் காண்கிறோம்.

ஜப்பானிய நோ நாடகத்தின் முகமூடியையும் எண்ணிப் பாருங்கள். ஹினோகி மரத்தில் செதுக்கிய அந்த முகத்தில் ஒரு தசையும் அசையாது. நடிகர் அதைச் சற்றே மேலே நிமிர்த்தினால் ஒளி படர்ந்து முகம் மலர்கிறது; அதற்குத் ‘தெராசு’ என்று பெயர். கீழே தாழ்த்தினால் நெற்றியின் நிழல் கண்ணில் விழுந்து முகம் வாடுகிறது. அது ‘குமொராசு’, மேகம் மூடுதல்.

அறிவியலும் இன்று எக்மனோடு நின்றுவிடவில்லை. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் முதலியோர் 2019-இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வின்படி, சினம்கொண்ட மனிதர்கள் புருவத்தை நெரித்துக்கொள்வது சராசரியாக ஏறத்தாழ 30 விழுக்காடு வேளைகளில்தான். மற்ற வேளைகளில் அவர்கள் சிரிக்கக்கூடும், அழக்கூடும், வெறுமனே இருக்கக்கூடும். எண்களை மனப்பாடம் செய்த மாணவர் அந்த 70 விழுக்காட்டை எப்படி வரைவார்?

கரிக்கோல்:

இது வலுவான வாதம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மனிதர் எவ்வாறு சினக்கிறார் என்பது ஒன்று, பார்ப்பவர் எதைச் சினமாகப் படிக்கிறார் என்பது வேறொன்று. நாம் பரிமாறுவது இரண்டாவதை. சிரித்துக்கொண்டே சினக்கும் பாத்திரத்தை வரையவும், அந்தச் சிரிப்பில் கன்னம் உயரவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

எலும்புக்கூடு:

முப்பரிமாண முகங்களுக்கு ரிக், அதாவது கணினியில் முகத்தை அசைக்க உதவும் உள்கட்டமைப்பு, அமைப்பது என் தொழில். நான் கட்டும் ரிக்குகளில் பல எக்மனின் எண்களைத் தழுவியவையே. எனவே கரிக்கோல் பக்கம் சாய்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். என் அனுபவம் வேறு.

முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், மகனின் தொலைபேசி அழைப்பை எடுக்கும் ஒரு பாட்டியின் ஷாட் 3 முறை திரும்பி வந்தது. உள்புருவம் உயர்ந்திருந்தது, உதட்டோரம் இறங்கியிருந்தது, கீழிமையில் ஈரம் கூட இருந்தது. எந்த ஃப்ரேமில் நிறுத்தினாலும் முகம் சரியாகவே இருந்தது. ஓடவிட்டால் மட்டும் பிணம். ஒரு முழு இரவு பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. முகத்தின் ஒவ்வொரு அசைவையும் கூட்டிக் குறைக்கும் எல்லா ஸ்லைடர்களும் ஒரே ஃப்ரேமில் கிளம்பி ஒரே ஃப்ரேமில் நின்றன. பார்வையை முதலில் நகர்த்தினோம். 3 ஃப்ரேம் கழித்து இமைப்பு. புருவத்தின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்று முந்தி எழுந்தது. வாயை 5 ஃப்ரேம் பிந்தவிட்டோம். வாய் கோணுவதற்கு முன் பாட்டி ஒருமுறை எச்சில் விழுங்கினாள். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் இவையெல்லாம் அரை நொடிக்குள் அடங்கிவிட்டன. அந்த ஷாட் அன்றே ஏற்கப்பட்டது.

மனிதனை மிக நெருங்கியும் மனிதனாகாத உருவம் நம்மை விலகச் செய்கிறது என்று 1970-இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி எழுதினார். நடிகர்களின் அசைவைக் கணினியில் பதிந்து உருவத்துக்கு ஏற்றும் நடிப்புப் பதிவு முறையில் 2004-இல் வந்த போலார் எக்ஸ்பிரஸ் படத்தின் முகங்களைப் பற்றி எழுந்த குறையும் அதுவே. தசை எது என்பதைவிட, எது முந்தியது என்பதே முகத்துக்கு உயிர் தருகிறது.

களிமண்:

இதைத்தான் நான் சொல்ல முயன்றேன். கோரலைன் என்ற ஸ்டாப் மோஷன் படத்தில் முப்பரிமாண அச்சில் எடுத்த முகங்களைப் புருவப் பாதி, வாய்ப் பாதி என்று பிரித்தே மாட்டினார்கள். நடுவே விழும் கோட்டைப் பிறகு கணினியில் அழித்தார்கள். பாதிகள் தனித்தனியாக இருப்பதால் புருவத்தை இந்த ஃப்ரேமிலும் வாயை அடுத்ததிலும் மாற்ற முடிகிறது. நேரக்கணக்கு தெரியாதவர் கையில் அத்தனை முகங்களும் பெட்டியில் அடுக்கிய பீங்கான்தான். கரிக்கோல் அவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும்: மாணவர் படங்களில் முகத்தைத் தாளால் மறைத்துவிட்டு, உணர்ச்சி தெரிகிறதா என்று பிறரிடம் கேளுங்கள்.

கரிக்கோல்:

செய்து பார்த்தேன். முகம் மட்டும் வரைந்த படங்கள் இதற்கு உதவாது என்பதால், 11 பேரிடமும் முழு உருவம் வரையச் சொல்லி, பக்கத்து வகுப்பினரிடம் காட்டினேன். அச்சத்தையும் களிப்பையும் முகமின்றியே அடையாளம் கண்டார்கள். அதில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். வெட்கத்தையும் துயரத்தையும் அவர்களால் பிரிக்க முடியவில்லை. தாளை எடுத்தவுடன் சொல்லிவிட்டார்கள். ஆகவே மாவு மூட்டைக்கு ஒரு மாதம் தருகிறேன், அதற்கு மேல் தர மனமில்லை.

எலும்புக்கூடு அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பாட்டி எச்சில் விழுங்கியது எந்த ஃப்ரேமில் தொடங்கியது என்று குறிப்பு இருந்தால் பதிவிடுங்கள். அந்த அசைவு கழுத்தில் நிகழ்கிறது. என் பாடத்திட்டத்தில் அதை முகத்தில் சேர்ப்பதா, உடலில் சேர்ப்பதா என்று நேற்றிரவு முழுவதும் யோசித்தும் எனக்கு முடிவு வரவில்லை.