லோகோ இல்லாத முன்கண்ணாடி: கேமனுக்கு மாட்டலாமா?

நடுஎஞ்சின்:
போர்ஷேயின் ஸ்போர்ட்ஸ் கார் கேமன் 718-இன் முன்கண்ணாடியில் கீறல் ஓடிவிட்டது, போர்ஷே லோகோ போட்ட கம்பெனிக் கண்ணாடியா, லோகோ இல்லாத வெளிக் கண்ணாடியா, எதை மாட்டலாம் என்று ஒருவர் கேட்டதற்குப் புதுப்பேட்டைக்காரன் கொடுத்த பதிலைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "லோகோ போட்டதும் போடாததும் ஒரே ஃபேக்டரி, ஒரே அச்சு. லோகோவுக்கு இரண்டு மடங்கு கொடுப்பவர்கள் காசை என்ன செய்வதென்று தெரியாதவர்கள்" என்கிறார். யாரிடம் சொல்கிறார்? அதே காரில் வாரம் முழுக்க ஆபீஸ் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவரிடம். லோகோ இல்லாத கண்ணாடி மாட்டிய கேமன் ஒன்றில் உட்கார்ந்து எதிர்வீட்டு இரும்பு கேட்டைப் பார்த்திருக்கிறேன். நடுவில் கம்பிகள் நேராக நின்றன. கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூணான ஏ பில்லர் பக்கம் வர வர, தலையை லேசாக அசைத்தாலே கம்பி நெளிந்தது. வளைவுக்குள் காரைத் திருப்பும் முன் ஏபெக்ஸை, அதாவது வளைவின் உள்முனையைத் தேடும் கண் அந்த ஓரத்தின் வழியாகத்தானே பார்க்கும்?

புதுப்பேட்டைக்காரன்:
சார், கண்ணாடி மாட்டியே தலை நரைத்தவன் நான். கேட் கம்பியைப் பார்த்துக் கண்ணாடி வாங்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கீழ் மூலையில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். வட்டத்துக்குள் ஈ, பக்கத்தில் ஒரு எண், அப்புறம் 43ஆர். லோகோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 43ஆர்தான். ஐரோப்பிய விதிப்படி சோதித்துத்தான் அந்த முத்திரை கொடுக்கிறார்கள். அதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

நடுஎஞ்சின்:
43ஆர் என்ன கேட்கிறது என்று படித்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா? டிரைவரின் கண்ணுக்கு நேரே உள்ள ஏ பகுதியில் பிம்பம் நெளியும் அளவு கோணத்தில் 2 நிமிடத்தைத் தாண்டக்கூடாது (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்). அதைச் சுற்றிய பி பகுதிக்கு 6 நிமிடம் வரை விடுகிறார்கள், அதாவது மூன்று மடங்கு. பி பகுதியையும் தாண்டிய ஓரத்துக்கு அந்தக் கணக்கே இல்லை. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி அச்சில் வளைக்கிறார்கள், வளைவு அதிகமாக இருக்கும் இடத்தில்தான் நெளிவும் அதிகம் வரும். கேமனின் கண்ணாடி எங்கே அதிகமாக வளைகிறது? ஏ பில்லர் ஓரத்தில். முத்திரை என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி, அவ்வளவுதான். கார்க் கம்பெனி அதைவிட இறுக்கமான அளவு கேட்டு வாங்கும். 35 மார்க் எடுத்தவரும் பாஸ், 95 எடுத்தவரும் பாஸ்.

லைட்வெயிட்:
இரண்டு பேரும் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்? கண்ணாடியின் அடர்த்தி 2.5, பாலிகார்பனேட் என்கிற தெளிவான பிளாஸ்டிக்குக்கு 1.2. அதே தடிமனில் எடை பாதிக்கும் கீழே போகும், அதுவும் காரின் மேல்பகுதியில் குறைகிற எடை. போர்ஷே 2016-இல் 911 ஆர் காருக்குப் பின்கண்ணாடியையே பிளாஸ்டிக்கில் போட்டது. டிராக்கில் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு லோகோவுக்குச் சண்டை போடுவது உங்களுக்கே சரியாகப் படுகிறதா?

நடுஎஞ்சின்:
911 ஆரில் பிளாஸ்டிக் போட்டது பின்னால், முன்னால் போட்டது கண்ணாடி. ஏன் என்று யோசித்தீர்களா? நம் ஊரிலும் மத்திய மோட்டார் வாகன விதி 100 முன்கண்ணாடி லேமினேட்டட் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் பிளாஸ்டிக் படலம். பாலிகார்பனேட்டில் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒரு மழைநாள் வைப்பரைப் போட்டுப் பாருங்கள். கடினப் பூச்சு போட்ட ஷீட்டாகவே இருக்கட்டும், மணலும் வைப்பரும் சேர்ந்து அரைவட்டமாகக் கோடு போட்டுவிடும், ராத்திரி எதிரே ஹெட்லைட் வந்தால் அத்தனை கோடும் பளபளக்கும். கேள்வி கேட்டவர் ரோட்டிலும் ஓட்டுகிறார், அதையாவது படியுங்கள்.

லைட்வெயிட்:
டிராக் நாளுக்கு ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். பிரேக் பேட் விவாதத்திலும் இதே மாதிரிதான், ரேஸ் பேட் ரோட்டில் கத்தும், ரோட்டில் கத்தும் என்று ஒரு வாரம் நீங்கள் கத்தினீர்கள். உங்களுக்கு டிராக் என்றாலே பயம்.

நடுஎஞ்சின்:
ரேஸ் பேட் சூடாகாமல் ரோட்டில் பிடிக்காது என்றுதான் அன்று சொன்னேன், இன்றும் சொல்வேன். அதை இங்கே இழுக்காதீர்கள்.

கோவைகியர்:
நான் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவன். லோகோ இல்லாத கண்ணாடிதான் என் காரிலும். ஒரு குறையும் இல்லை. கேட் கம்பி, கேட் கம்பி என்கிறீர்களே, டிராக்கில் கேட் எங்கே இருக்கிறது?

நடுஎஞ்சின்:
டிராக்கில் கெர்ப் இருக்கிறது தம்பி, வளைவின் ஓரத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட விளிம்பு. கம்பி நெளிந்தால் அதுவும் நெளியும். உங்கள் கார் ஹாட்ச்பேக், கண்ணாடி அவ்வளவு சாய்வில்லை. சாய்வு கூடக் கூட ஒளி கண்ணாடிக்குள் நீண்ட தூரம் குறுக்கே போகும், சின்ன நெளிவும் பெரிதாகும். கேமனில் கண்ணாடி எவ்வளவு படுத்திருக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கோவைகியர்:
ஹாட்ச்பேக் என்றால் இளக்காரமா? ரேஸ் வீரர் கரிவரதன் பெயரில் நிற்கிற டிராக்கில் எந்தக் காரும் கார்தான். சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி உலகம் தெரியாது.

புதுப்பேட்டைக்காரன்:
கம்பி கம்பி என்று ஊரைக் கூட்டிவிட்டீர்கள். நீங்கள் பார்த்த அந்த ஒரு காரில் கண்ணாடி எந்தக் கம்பெனி, யார் மாட்டியது? சொல்ல மாட்டீர்கள். நான் சொல்கிறேன். கண்ணாடியைவிட மாட்டுகிற கைதான் முக்கியம். பழைய பாலியூரித்தேன் பசையை 1, 2 மில்லிமீட்டர் விட்டு மட்டமாகச் சீவ வேண்டும். கத்தி பட்டு பெயிண்ட் போன இடத்தில் பிரைமர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். ஒரு பக்கம் பசை மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் போட்டு அமுக்கினால் கண்ணாடி இறுக்கத்தில் உட்காரும். ஒருநாள் தானாகக் கீறும். அப்புறம் லோகோ காப்பாற்றுமா?

நடுஎஞ்சின்:
மாட்டுகிற கை முக்கியம் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? பசை சரியாக இறுகாவிட்டால், பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது முட்டுக்கொடுக்க வேண்டிய கண்ணாடியே வெளியே போய்விடும், அதுவும் தெரியும். பேச்சு நெளிவைப் பற்றி. பசையை நன்றாகப் போட்டால் ஓரத்தில் கம்பி நேராகிவிடுமா? இதற்கு ஆம், இல்லை என்று ஒரு பதில் சொல்லுங்கள்.

ஞாயிறுடிரைவ்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இன்சூரன்ஸ் இருந்தால் இந்தப் பஞ்சாயத்தே எதற்கு? நம் ஊர் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதியைக் கழிப்பார்கள், கண்ணாடிக்குத் தேய்மானமே கழிப்பதில்லை. ஏஜென்சியில் விட்டு லோகோ போட்டதையே மாட்டச் சொல்லலாமே.

லைட்வெயிட்:
டிராக்கில் உடைந்ததற்கு இன்சூரன்ஸா? ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங் எல்லாம் பாலிசியிலேயே விலக்கு. ரோட்டில் உடைந்தது என்று பொய் எழுதச் சொல்கிறீர்களா?

ஞாயிறுடிரைவ்:
நான் எங்கே பொய் சொல்லச் சொன்னேன்? கேட்டவர் எங்கே கல் பட்டது என்றே எழுதவில்லை. அந்த ஹைவேயில் எம்சாண்ட் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும் எங்கே கல் படும் என்று.

புதுப்பேட்டைக்காரன்:
நடுஎஞ்சின் சாருக்குப் பதில்: கம்பி நெளியாத கண்ணாடி உலகத்தில் கிடையாது. லோகோ போட்டதிலும் ஓரத்தில் நெளியும். காசு கொடுத்தவர்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நடுஎஞ்சின்:
நெளியும், அளவு வேறு. என் காரில் கம்பெனிக் கண்ணாடி, அதே கேட், அதே சீட் உயரம். கண்ணாடி ஓரத்தில் அச்சடித்த கறுப்புப் புள்ளிகள் இருக்கும் இடம் வரை கம்பி நேராக நிற்கிறது, அதன் பிறகுதான் மெல்ல அசைகிறது. மற்றதில் ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளேயே வளைய ஆரம்பித்துவிட்டது. அந்த நான்கு விரல் அகலத்துக்குள் மொத்தக் கெர்பும் ஒளிந்துகொள்ளும். புதுப்பேட்டையில் ஸ்டாண்டில் நிறுத்தி விற்கும்போது யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. வாங்குவதற்கு முன் இரண்டு பேர் கண்ணாடியைக் காரில் இருக்கும் சாய்வுக்குப் பிடித்துக்கொள்ளட்டும், வாங்குகிறவர் பின்னால் நின்று டைல்ஸ் சுவரையோ கேட்டையோ பார்க்கட்டும். நெளிந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று உங்கள் கடையில் எழுதித் தருவீர்களா?

புதுப்பேட்டைக்காரன்:
கண்ணாடியைப் பிரித்துத் தூக்கிக் காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ள நான் ஜவுளிக்கடையா வைத்திருக்கிறேன்?

நடுஎஞ்சின்:
அப்போது ஒரே கண்ணாடி என்று சொல்லாதீர்கள்.

கோவைகியர்:
கல் படாமல் இருக்க மேலே ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாமே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை?

நடுஎஞ்சின்:
ஃபிலிமா? நெளிவுக்கு மேல் இன்னொரு நெளிவு. சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு, வைப்பரும் ஓட்டினால் மங்க ஆரம்பித்துவிடும். ஒட்டுகிறவர் ஓரத்தில் இழுத்துத்தான் படிய வைப்பார், மறுபடியும் அதே ஓரம். தனியாகப் பேசுவோம், இங்கே வேண்டாம்.

லைட்வெயிட்:
ஃபோர்டு ஜிடி 2017-இல் முன்கண்ணாடியின் உள் அடுக்கில் போன் திரைக்குப் போடும் கொரில்லா கிளாஸைப் போட்டு எடையைச் சுமார் 30 சதவீதம் குறைத்தார்கள். லேமினேட்டட்தான், உங்கள் விதி 100-உம் வாயைத் திறக்காது. எடையைப் பற்றி ஒருவராவது பேசுங்களேன்.

நடுஎஞ்சின்:
கேமனுக்கு அந்தக் கண்ணாடியை எந்தக் கடையில் விற்கிறார்கள், சொல்லுங்கள், பேசலாம். 1,300 கிலோவைத் தாண்டிய காரில் சில கிலோவுக்கு ஆசைப்படுகிறவர் முதலில் டிக்கியில் இருக்கும் சாமான்களை இறக்கட்டும். எனக்கு வேண்டியது கெர்ப் இருக்கிற இடத்தில் கெர்ப் தெரிவது. புதுப்பேட்டைக்காரன் இன்னும் பதில் சொல்லவில்லை: பசையால் கம்பி நேராகுமா, ஆகாதா?

புதுப்பேட்டைக்காரன்:
சொல்லியாயிற்று. முத்திரையைப் படியுங்கள். 43ஆர்.