புதுப்பிப்பு: அப்பாவின் நுரையீரல் புற்றுநோய், ஜீன் டெஸ்ட் முடிவு வந்தது

இரண்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோய், கீமோவை உடனே தொடங்குவதா, ஜீன் டெஸ்ட்டுக்குக் காத்திருப்பதா? காத்திருங்கள் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பயாப்சியில் எடுத்த திசு போதவில்லை என்று லேபிலிருந்து திரும்பி வந்தது. பத்து நாள் வீணானது. அப்புறம் ரத்தத்திலேயே பார்த்தார்கள். இஜிஎஃப்ஆர் என்ற, செல் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவில் மாற்றம், அதன் எக்ஸான் 19 என்ற பகுதியில். இந்த மாற்றம் இருந்தால் அதையே குறிவைக்கும் மாத்திரை கொடுக்கலாம். அப்பா பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் இது அதிகமாம்.

இப்போது அப்படிப்பட்ட மாத்திரையான ஜெஃபிடினிப் 250 மி.கி., தினம் ஒன்று. உள்நாட்டு ஜெனரிக் (அதே மருந்தின் விலை குறைந்த வடிவம்) இருப்பதால் எங்களால் வாங்க முடிகிறது. இதைவிடப் புதிய ஆசிமெர்டினிபுக்கு 2024 பட்ஜெட்டில் 10 சதவீத சுங்கவரியை நீக்கினார்கள். அப்படியும் அது எங்கள் கைக்கு எட்டவில்லை, மனசு ஆறவில்லை.

மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை ஆய்வு ஒன்றில், ஜெஃபிடினிபோடு கீமோவும் சேர்த்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. பக்கவிளைவும் கூடியது. அப்பா கொஞ்சம் தேறியதும் சேர்க்கலாம் என்றார் டாக்டர்.

மாத்திரையின் பக்கவிளைவாக மூக்கோரமும் கன்னத்திலும் பரு பருவாக வந்திருக்கிறது. ஆனால் சாய்வு நாற்காலியிலேயே இருமியபடி ராத்திரியைக் கழித்தவர், போன வாரத்திலிருந்து கட்டிலில் படுத்துத் தூங்குகிறார்.

ஒன்று கவனியுங்கள்: அசிடிட்டி மாத்திரை ஜெஃபிடினிப் உடலில் சேர்வதைக் குறைக்கும். அப்பா பல வருடமாகச் சாப்பிட்டு வந்ததை நாங்கள் சொல்லவே மறந்துவிட்டோம். டாக்டரிடம் எல்லா மாத்திரையையும் காட்டுங்கள்.

அடுத்த ஸ்கேன் மூன்று வாரத்தில். எழுதுகிறேன்.