நீல டிக் விழுந்துவிட்டால் தகவல் சேர்ந்துவிட்டதா?

பேட்லாக் பல்லடம்:
நேற்று மனிதவளத்தான் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பனியன் கம்பெனிக்கு இனி அறிவிப்புப் பலகை வேண்டாம், தையல் லைனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும், நீல டிக் விழுந்தால் தகவல் சேர்ந்தாச்சு" என்கிறார். 2023இல் நான் இருந்த கம்பெனியில் சனிக்கிழமை ராத்திரி 10.40க்குக் குழுவில் ஒரு செய்தி: நாளை வேலை, திங்கள் லீவு. தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் அக்காவின் போன் பையன் கையில் இருந்தது. கேம் ஆடுகிற அவசரத்தில் அவன் திறந்து மூடிவிட்டான். திங்கள் காலை தூக்குப்போசியோடு வந்து பூட்டின கேட் முன்னால் நின்றார். எதிர் டீக்கடையில் இருந்த நான்தான் லீவு என்று சொன்னேன். ஞாயிறு ஆப்சென்ட் என்று ஒரு ஷிப்ட் சம்பளம் போச்சு. வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸில் கேட்டால், "பார்த்திருக்கீங்களே அக்கா, டிக் இருக்கு!"

மனிதவளத்தான்:
ஒரு பையன் கேம் ஆடினதற்கு 600 பேருடைய வசதியை விட்டுவிட வேண்டுமா? பலகையை யார் படிக்கிறார்கள்? எங்கள் கேட்டில் போன ஆயுதபூஜை நோட்டீஸ் இன்னும் தொங்குகிறது.

பேட்லாக் பல்லடம்:
அதைக் கிழிக்க வேண்டியது உங்கள் ஆபீஸ் சார். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பார்த்தது போனா, அக்காவா?

காங்கேயம் ரோடு:
ஒரு திருத்தம். குழுவில் எல்லோரும் திறந்தால்தான் டிக் நீலமாகும். உங்களிடம் காட்டியது செய்தியின் விவரப் பக்கமாக இருக்கும்.

பேட்லாக் பல்லடம்:
எந்தப் பக்கமோ, அக்கா பெயருக்கு நேரே 10.52 என்று இருந்தது. அந்நேரம் அவர் தூக்கத்தில். இன்னொன்று. ஞாயிறு லீவை மாற்றினால் முன்கூட்டியே தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் நோட்டீஸ் தர வேண்டும், கம்பெனிக்குள்ளும் ஒட்ட வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், 52ஆம் பிரிவு. டிக் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

மனிதவளத்தான்:
வக்கீல் வந்துவிட்டார். போன மாதம் போனஸ் பேச்சிலும் இப்படித்தான் பிரிவு எண்ணாக அடுக்கினீர்கள். பஸ்தான் பெண்களுக்கு இலவசம் ஆயிற்றே, அந்த அக்காவுக்கு ஒரு நடை வந்ததில் என்ன நஷ்டம்?

செக்கிங் டேபிள்:
அண்ணா, எல்லா பஸ்ஸும் இலவசமில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ் மட்டும்தான். எங்கள் ஊருக்கு அது காலையில் ஒன்றே ஒன்று. அதைப் பிடிக்க நாலரைக்கு எழுந்து சோறாக்குகிறேன். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது லைனில் நின்று வாயால் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

காங்கேயம் ரோடு:
எங்கள் பக்கம் இரண்டு டவுன் பஸ் உண்டே?

செக்கிங் டேபிள்:
உங்கள் பக்கம் இருக்கும். எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள்.

மனிதவளத்தான்:
வாயால் சொன்னால் நாளைக்கே "எனக்குச் சொல்லவில்லை" என்பார்கள். டிக் பொய் சொல்லாது.

பேட்லாக் பல்லடம்:
டிக் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்லாததைச் சொன்னதாக ஆக்குகிறீர்கள். என் லைனில் ஒடிசாப் பையன்கள் ஒன்பது பேர். தமிழில் வந்த செய்தியை ஒன்பது பேரும் திறந்தார்கள், ஒன்பது பேருக்கும் டிக். அப்புறம் ஒவ்வொருவனாக என் மிஷினுக்கு வந்து போனை நீட்டி, "பையா, க்யா லிகா ஹை?" என்று கேட்டான். ஓடுகிற மிஷினை நிறுத்தி நான் படித்துச் சொன்னேன். இதற்குப் பெயர் ஊழியர் அனுபவம் என்று மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டுகிறீர்கள்.

மனிதவளத்தான்:
மொழிபெயர்க்கப் போனிலேயே வசதி இருக்கிறது. 15 வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், எனக்குப் பாடம் வேண்டாம்.

பேட்லாக் பல்லடம்:
நான் 22 வருடம். டெய்லருக்குக் கூடமாட உதவுகிற கைமடி வேலையில் தொடங்கினவன். அந்த ஒரு ஷிப்ட் சம்பளம் இன்றுவரை அக்கா கைக்கு வரவில்லை. 10.52க்குப் பார்த்தது யார்?

மனிதவளத்தான்:
அவருடைய நம்பர். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பேட்லாக் பல்லடம்:
நம்பரா வந்து செக்கிங் பார்க்கிறது?