காசநோய் குணமான பிறகும் அம்மாவுக்கு மூச்சிரைக்கிறது. மறுபடியும் மாத்திரை தேவையா?

கேள்வி:
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 54. மூன்று ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய்க்காக ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் மாத்திரை எடுத்துக்கொண்டார். முடிவில் சளியில் கிருமி இல்லை என்று உறுதியானது. ஆனாலும் மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கிறது, காலையில் நிறையச் சளி வெளியேறுகிறது, சென்ற மாதம் அதில் இரத்தக் கீற்றும் தெரிந்தது. எக்ஸ்ரேயில் வலப்பக்கம் நிழலைப் பார்த்த மருத்துவர், சளியைச் சோதிக்காமலேயே மீண்டும் காசநோய் மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறார். முதல் முறை அம்மா பட்ட குமட்டலையும் மூட்டுவலியையும் அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் தயங்குகிறேன்.

மறுமொழி 1 (மார்பு நோய்ப் பிரிவுச் செவிலியர்):
சகோதரி, உங்கள் தயக்கம் நியாயமானது. மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, கிருமி அரித்த இடத்தைப் பழையபடி ஆக்குவதில்லை. அங்கே தழும்பு விழுகிறது, மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்து சளி தேங்குகிறது, ஆறாமல் நின்ற குழிக்குள் சில நேரம் பூஞ்சை உருண்டையாக வளர்ந்து இரத்தம் வரச் செய்கிறது. பழைய தழும்பும் புதிய நோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் தெரியக்கூடும் என்பதால் சளியைச் சோதித்தே முடிவெடுக்க வேண்டும். அதிலும் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சிபிநாட் சோதனை, இறந்த கிருமியுடையதையும் காட்டிவிடலாம். ஆகவே சளியில் உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், முடிவு வர ஆறு வாரம் ஆனாலும் பரவாயில்லை. சி.டி. ஸ்கேனும், மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் தேவை. இரத்தம் கீற்றாக இல்லாமல் கோப்பைக் கணக்கில் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். போகும் வழியில் வலப்பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மறுமொழி 2:
நானும் குணமானவன்தான். எனக்குச் சோதிக்காமலேயே இரண்டாம் முறை மாத்திரை கொடுத்தார்கள்; பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் மூச்சுக்குழாய் விரிவு என்று தெரிந்தது. சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்று, நாள்தோறும் காலையில் செய்த பிறகே எனக்கு இரவுத் தூக்கம் திரும்பியது. அம்மா விறகடுப்பில் சமைக்கிறார் என்றால் அதை முதலில் நிறுத்துங்கள். ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். சிகிச்சை முடிந்தபின் 6, 12, 18, 24ஆம் மாதங்களில் பரிசோதிக்க வேண்டும் என்று தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம் சொல்கிறது. ஆனால் அது நோய் திரும்பியதா என்று பார்ப்பதற்கே. மூச்சுத் திறனை அளந்து பார்க்கும்படி நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நாளைக் காலை அம்மாவின் சளியை வளர்ப்புச் சோதனைக்குக் கொடுக்கிறோம். வீட்டில் விறகடுப்புதான், இன்று மாலையே கேஸ் அடுப்புக்கு மாற்றிவிட்டேன்.