கைக்குள் எந்தப் பிளேட்?

சித்தி: எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. பையனுக்கு மணிக்கட்டில் பிளேட்டில் அடி என்கிறார் மருத்துவர்.

பாட்டி: ஐயோ, பத்து வயதுப் பிள்ளையின் கைக்குள்ளா பிளேட்? உன் அண்ணன் காலில் வைத்தார்களே, அதுவா?

அக்கா: பாட்டி, பதறாதீர்கள். மாமாவுக்கு வைத்தது டைட்டானியத் தகடு. உடைந்த எலும்பு கூடும்வரை அசையாதபடி திருகுகளோடு பிடித்துக்கொள்வது. தம்பிக்கு மருத்துவர் சொன்னது வளர்ச்சித் தட்டு. வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறது. நீண்ட எலும்புகளின் நுனியருகே உள்ள குருத்தெலும்பு அது. எலும்பு நீள்வதே அங்கிருந்துதான். பருவ வயது முடியும்போது அதுவும் எலும்பாகிவிடும்.

சித்தி: படத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது. அது முறிவு இல்லையா?

அக்கா: குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது சித்தி, அதனால் அந்த இடம் இடைவெளி போலத் தோன்றும். சந்தேகம் வந்தால் மற்றக் கையையும் படமெடுத்து ஒப்பிடுவதுண்டு.

பாட்டி: காய்ச்சலில் குறைகிறது என்பார்களே, அந்தப் பிளேட்?

அக்கா: அது பிளேட்லெட், இரத்தத் தட்டணு. காயத்தில் இரத்தம் உறைய உதவுவது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. இந்த அடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

தங்கை: எங்கள் பாடத்தில் புவித்தட்டுகள்! ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன.

பெரியப்பா: எங்கள் அச்சகத்தில் பிளேட் என்றால் மெல்லிய அலுமினியத் தகடு. வண்ணப் படம் அச்சிட நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு வேண்டும். அதில் எழுத்து மேடாகவும் இருக்காது, பள்ளமாகவும் இருக்காது. உருவம் உள்ள இடம் மையை ஏற்கும், மற்ற இடம் தண்ணீரை ஏற்று மையைத் தள்ளிவிடும். 1796-இல் செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர் கல்லில் அச்சிடக் கண்டுபிடித்த முறை இது. இத்தனை ஆண்டு பார்த்தும் எனக்கு வியப்புத் தீரவில்லை.

மாமா: அருமை அத்தான். என் தகட்டை எடுக்கத் தேவையில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள், நன்றாகவே நடக்கிறேன். பையன் விஷயத்துக்கு வருவோம். அறுவை சிகிச்சை வேண்டுமா?

அக்கா: வளர்ச்சித் தட்டு முறிவை சால்ட்டர், ஹாரிஸ் என்ற இருவர் 1963-இல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். எந்த வகை என்று கேளுங்கள் சித்தி. முதல் இரண்டும் பெரும்பாலும் கட்டுப் போட்டாலே ஆறிவிடும்.

சித்தி: கேட்டேன். இரண்டாம் வகையாம், எலும்பு விலகவில்லையாம். மாவுக்கட்டு மட்டும் போதும் என்றார்.

பாட்டி: அப்பாடா! கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்.

அக்கா: ஆமாம், வீக்கம் குறையும். விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ காலைவரை காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிச் செல்லுங்கள். கட்டைப் பிரித்த பிறகும் எலும்பு ஒழுங்காக வளர்கிறதா என்று பார்க்க மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அதைத் தவறவிடாதீர்கள் சித்தி.