கமினோ பாதையில் யார் யாரைப் பார்த்தீர்கள்? நடந்தவர்கள் பகிருங்கள்

தோ பாயோ வாசி:
கமினோ என்றால் ஸ்பெயினின் சந்தியாகோ நகரத் தேவாலயத்துக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதை. அங்குள்ள யாத்ரீகர் அலுவலகக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வழித்துணையை முடிவு செய்யாதீர்கள். 2024இல் யாத்திரை முடித்ததற்குச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். பத்துக்கு நாலு பேருக்கு மேல் ஸ்பெயின்காரர்கள். அடுத்து அமெரிக்கர்கள், பிறகு இத்தாலி, ஜெர்மனி, போர்ச்சுகல். ஆனால் சான்றிதழுக்கு 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும். அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே பேர், சந்தியாகோவுக்கு 115 கிலோமீட்டர் இருக்கும்போது வரும் சாரியா ஊரில்தான் தொடங்குகிறார்கள்.

பழநிக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு வருகிறவர்களும் திண்டுக்கல்லில் சேர்ந்துகொள்கிறவர்களும் ஒரே கூட்டமா? இங்கும் அப்படித்தான். பிரான்ஸ் எல்லையில் சான் ஜான் பியே த போரில் தொடங்கினால் மொத்தம் 780 கிலோமீட்டர். முதல் நாலு வாரம் இரவுச் சாப்பாட்டு மேசையில் பெரும்பாலும் வெளிநாட்டவர், பொதுமொழி ஆங்கிலம். சாரியா தாண்டிய முதல் காலையில் கூட்டமே மாறிவிடும். பள்ளிப் பிள்ளைகள், தேவாலயக் குழுக்கள், முதுகில் தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சின்னப் பை. ஒரு மாதச் சேறு படிந்த பூட்சும் கடையிலிருந்து வந்த வெள்ளை ஷூவும் ஒரே வாசலில் கழற்றிக் கிடக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களைக் குறைவாக நினைக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் அவர்களில்தான்.

ஈசூன் வாசி:
கொரியர்களை விட்டுவிட்டீர்களே அக்கா! ஆசியாவிலிருந்து அதிகம் வருகிறவர்கள் அவர்கள்தான், ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர். கமினோ நடந்துவிட்டு ஊர் திரும்பிய சோ மியோங் சுக் என்ற பத்திரிகையாளர்தான் 2007இல் ஜெஜு தீவில் ஒல்லே நடைபாதையைத் தொடங்கினார். ஸ்பெயின்காரர்கள் குறைந்துபோகும் ஜனவரி, பிப்ரவரியில் கொரியர்கள் பளிச்சென்று தெரிவார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பிரான்ஸிலிருந்து ஸ்பெயினுக்குள் நுழையும் பிரனீஸ் மலையுச்சி வழி மூடியிருக்கும், வல்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். விடுதிகளும் பாதிக்கு மேல் திறக்காது.

விடுதிச் சமையலறையில் கொரியர்கள் சோறு வைத்தால் பக்கத்தில் இடம் பிடியுங்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய சாம்பார் பொடி 100 கிராம் பையில் இருந்தால் பகிர்ந்து சாப்பிடலாம். நெய் வேண்டாம், பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள்.

பிடோக் வாசி:
கணக்கில் வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் லெ புயி என்ற ஊரிலிருந்து சான் ஜான் வரை சுமார் 750 கிலோமீட்டர். அந்தப் பாதையில் பிரெஞ்சுக்காரர்களே நிறைந்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று துண்டு துண்டாக நடந்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டு தொடர்கிறவர்கள் ஏராளம். சந்தியாகோ வந்து சேராதவரை அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. அங்கே ஆங்கிலத்தை நம்பிப் போனால் இரவு உணவு சொல்வதற்கே திண்டாட்டம்.

தோ பாயோ வாசி:
உண்மைதான். 2027 யாக்கோபு புனித ஆண்டு, அதாவது புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆண்டு. அப்போது ஸ்பெயின் கூட்டம் இன்னும் பெருகும்.

சிராங்கூன் வாசி:
நம்மவர்கள் சறுக்குவது விசாவில். சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் 180 நாளில் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே பிஆர் (நிரந்தரவாசி) ஆக இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ், ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா கட்டாயம். விமானம் பாரிஸில் இறங்குகிறது என்று பிரான்ஸிடம் விண்ணப்பிக்கிறார்கள், அது தவறு. அதிக நாள் தங்கும் நாடு ஸ்பெயின், அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. நாள்கணக்கை இறுக்கிப் போடாதீர்கள். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் என்றாலே 31, 32 நாள் ஆகும், கால் கொப்புளத்துக்கு நாலைந்து நாள் கூடுதலாகக் கேளுங்கள். நகராட்சி விடுதிகள் பெரும்பாலும் முன்பதிவு ஏற்காது, விசா கோப்புக்கு ரத்து செய்யக்கூடிய தனியார் அறைகளைப் பதிந்து காட்டுங்கள்.

ஈசூன் வாசி:
சான்றிதழுக்கு, வழியிலுள்ள விடுதி, கடைகளில் குத்தும் முத்திரையும் முக்கியம் அண்ணா. கடைசி 100 கிலோமீட்டரில் யாத்ரீகர் அட்டையில் நாளுக்கு இரண்டு வேண்டும். எல்லையிலிருந்தே நடந்து வந்தவர்கள்தான் பழக்கதோஷத்தில் இரவு விடுதியில் ஒன்றோடு விட்டுவிடுகிறார்கள். காலையில் காப்பி குடிக்கும் கடையிலேயே இன்னொன்று குத்தி வாங்கிவிடுங்கள்.